பட்டன் அழுத்தும் பிள்ளை

தேனியில் எங்களுக்குத் தெரிந்து முதன்முதலாகக் கம்ப்யூட்டர் விற்க உட்கார்ந்தவர் என் அப்பாதான். விற்றவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவர் ஒன்றைக்கூட விற்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தது. நடத்தியதில் என் வலதுகை ஆள்காட்டி விரலுக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

பஜாருக்குப் பக்கத்தில் எங்கள் கடை. ரேடியோ, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று விற்றுக்கொண்டிருந்த அப்பா, கொடைக்கானல் மலையில் டவர் வந்ததும் டிவிக்கு மாறினார். பெட்டிகளை இறக்கி வைக்க இடமில்லாத அளவுக்கு டிவி போனது. அந்தத் தெம்பில் ஒருநாள் மதுரைக்குப் போனவர், திரும்பும்போது ஒரு வேனில், நாலு அட்டைப்பெட்டிகளில் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்த அம்மா, "இது வேற மாதிரி டிவியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் சாமான் வாங்குவதில் ஒரு முறை உண்டு. குடும்பத்தோடு வருவார்கள். பொருளை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் முன்னால் வந்து அதைத் தூக்கிப் பார்ப்பார். கனம் இருந்தால் உழைக்கும், இல்லாவிட்டால் தகரம். கிரைண்டர், பீரோ, டிவி எல்லாம் இந்தப் பரீட்சையில் தேறித்தான் வீடுகளுக்குப் போயின. கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. கெங்குவார்பட்டியிலிருந்து வந்த ஒரு மாந்தோப்புக்காரர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, இடுப்பு வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்.

"கனமாத்தான் இருக்கு. என்ன செய்யும்?"

"எல்லாக் கணக்கும் போடும்" என்றார் அப்பா.

"அதுக்கு எங்கிட்ட கணக்குப்பிள்ளை இருக்காருல்ல. அவரு கடைகண்ணிக்கும் போயிட்டு வருவாரு."

இன்னொருவர் கம்ப்யூட்டர் வேண்டாம், மேலே இருக்கிற டிவியை மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று கேட்டார். குமுளியில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவர், "இதில திருவனந்தபுரம் ஸ்டேஷன் கிட்டுமோ?" என்று கேட்டு, கிட்டாது என்றதும் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு போனார். இப்படி இரண்டு மாதம் போனது. வெயிலில் அது கெட்டுவிடக்கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு ஃபேன், ஒரு சிவப்புத் திரை, பக்கத்தில் கரண்டு ஏறி இறங்கினால் உறுமுகிற ஒரு ஸ்டெபிலைசர் என்று, வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளையைப் போல அதைக் கவனித்துக்கொண்டோம்.

அதை இயக்கத் தெரிந்தவள் அத்தை மட்டும்தான். அப்பாவின் ஒரே தங்கச்சி. காலேஜில் கணக்குப் படித்து முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வரன் பார்க்கிற காலத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று மதுரைக்கு மூன்று மாதம் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டரும் கற்றிருந்தாள். வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்ட அப்பா அவளைத்தான் கடையில் உட்காரவைத்தார். பச்சை எழுத்தில் அவள் வாய்ப்பாடு ஓடவிடுவாள். ஜனங்கள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லி மிக்ஸி வாங்குவார்கள்.

நிலைமையை மாற்றியவர் மதுரைக்காரர். கம்ப்யூட்டர் அனுப்பிய கம்பெனியின் சர்வீஸ் ஆள். மெலிந்த உருவம், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், யாரோடும் அதிகம் பேசமாட்டார். பிரிண்டர் தாளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டை வருமே, அதைக் கிழித்து எனக்கு மாலை கட்டிக் கொடுப்பார் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப்பிரியம். ஒரு தடவை வந்தபோது அவர் தயங்கித் தயங்கி ஒரு கறுப்பு ஃப்ளாப்பியை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "இது ஜாதகம் போடுற புரோகிராமுங்க. மதுரையில நல்லாப் போகுது. வேணும்னா வச்சுப் பாருங்க" என்றார்.

ஒரே வாரத்தில் கடை வாசலில் வரிசை நின்றது. மாவு மில்லை யாரும் வாங்குவதில்லை, அரைத்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பதை அப்பா அப்போதுதான் புரிந்துகொண்டார். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் போதும். பிரிண்டர் கடகடவென்று அரைத்து, கோணல்மாணலான தமிழெழுத்தில் கட்டம் போட்டு, தசாபுத்தி வரை துப்பிவிடும். அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவுக்கு ஜனங்களுக்குத் திருப்தி. "எங்க மச்சானுக்கு ஆறு தாள் வந்துச்சு, எனக்கு மட்டும் நாலா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்த பிறகு, அத்தை எல்லோருக்கும் கடைசியில் இரண்டு தாள் ராகுகாலம், எமகண்டம் சேர்த்து அடித்துக் கொடுத்தாள். மானிட்டருக்குக் குங்குமம் வந்தது. வாசலில் செருப்புகள் குவிந்தன. எங்கள் ஊர் ஜோசியரே இருட்டாவதற்குள் வந்து, தான் போட்ட கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு போவார்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

வீரபாண்டியிலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பொருத்தம் பார்க்க வந்திருந்தார். அத்தை எல்லாவற்றையும் அடித்து முடித்து, கடைசிப் பட்டனை அழுத்தக் கையைத் தூக்கினாள். அந்த அம்மா தடுத்தார். "ஆத்தா, நீ அழுத்தாத. அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்கையில பெரியவுக எடுப்பாகளா? வெள்ளப் பூவா செவப்பான்னு சின்னப்பிள்ளைதான எடுக்கும். இங்கன ஒரு பிள்ளை இருக்குல்ல, அது அழுத்தட்டும்" என்றார். நான் மூலையில் தாள் பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டு, கை கழுவிவிட்டு, விரலைப் பிடித்து அந்தப் பெரிய பட்டன் மேல் வைத்தார்கள். நான் அழுத்தினேன். பத்துக்கு ஒன்பது பொருத்தம் வந்தது. அந்த அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார்.

அதன் பிறகு நான் அழுத்தாத தாளை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை காத்திருந்தார்கள். முகூர்த்த மாதங்களில் காலையிலேயே எனக்குத் தலை சீவி, பாவாடை மாற்றி, கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். கடலை மிட்டாய், மாம்பழம், ஒரு தடவை ரிப்பன்கூடக் கிடைத்தது. இந்த விரலால் மூக்கு நோண்டக்கூடாது என்று அம்மா தடை போட்டாள். எனக்கோ அம்மனே என் விரலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று எண்ணம். தெருவில் மற்ற பிள்ளைகளோடு கோலிக்குண்டு விளையாடுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் இந்த மிஷினை முதலில் நம்பாதவர் பெரியப்பா. போடியில் ஏலக்காய் வியாபாரம். தாத்தா காலமான பிறகு குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். வந்தவர் ஏளனமாகத் தன் ஜாதகத்தைக் கொடுத்து, "என்னத்தச் சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். தாளில், "இவர் சொல்லுக்கு நாலு பேர் கட்டுப்படுவர்" என்று ஒரு வரி வந்தது. எல்லோருக்கும் அந்த வரி வரும் என்று அத்தை பின்னால் என்னிடம் சொன்னாள். பெரியப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து, "மனுசன் கூடக்குறையச் சொல்லுவான், மிஷினு சொன்னா சொன்னதுதான்" என்று போடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அத்தைக்குக் கம்பத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். திராட்சைத் தோட்டம், இரண்டு கிணறு, ஒரு ஜீப். பெரியப்பாவுக்கு அவர்களோடு வியாபாரப் பழக்கமும் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று அம்மா சொன்னதை நானும் நம்பினேன்.

அந்த மாதம் பார்த்து மிஷினுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று தடவை நின்றுவிட்டது. மூன்று தடவையும் பின்பக்கம் ஒரு வயர் கழன்று தொங்கியதை நானே பார்த்தேன். ரேடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற அப்பா, அந்த வயரைத் தானே செருகியிருக்கலாம். செருகவில்லை. மதுரைக்கு ட்ரங்க்கால் போட்டார். மதுரைக்காரர் வந்து செருகினார். ஒரு வயர் செருக அவருக்கு மத்தியானம் வரைக்கும் ஆனது, இரண்டு டீயும் ஆனது. அத்தை அவரிடம் நிறையச் சந்தேகங்கள் கேட்டாள். எனக்கு மூன்று மாலை கிடைத்தது.

கம்பத்து ஜாதகம் வந்த அன்று பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா எல்லோரும் கடைக்குள் நின்றார்கள். அப்பா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அத்தை அடித்தாள். "விடியக்காலம் நாலு பத்து" என்றார் அப்பா. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தொடங்கி இருபத்துநாலு மணிக் கணக்கில் அடிக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சைபர் நாலு பத்து என்று வரவேண்டிய இடத்தில், பச்சை எழுத்தில் பதினாலு பத்து என்று இருந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை திரையையே பார்த்துக்கொண்டு, "அழுத்து பாப்பா" என்றாள். அழுத்தினேன். மூன்று பொருத்தம்தான் வந்தது. தாலி நிலைக்க ரஜ்ஜு சேரவேண்டும் என்பார்கள். ரஜ்ஜு இல்லை.

பெரியம்மா உச்சுக்கொட்டினார். எல்லோரும் தாளின் கடைசி வரியைத்தான் பார்த்தார்கள். அப்பா மட்டும் முதல் வரியைப் பார்த்தார், பிறந்த நேரம் அச்சாகியிருக்கும் வரி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த வரி உள்பக்கம் போகிற மாதிரி தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "சேரலண்ணே" என்றார். பெரியப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மிஷினை அவர் குறை சொல்லவில்லை. ரஜ்ஜு இல்லாத இடத்தில் கொடுக்கமுடியாது என்று அவரே கம்பத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

எனக்குத்தான் மனசு உறுத்தியது. மறுநாள் அத்தையைத் தனியாகப் பிடித்து, "நீ நாலுக்குப் பதிலா பதினாலு அடிச்சிட்ட அத்தை. நான் பார்த்தேன்" என்றேன். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை தவறிருச்சு போல புள்ள. யார்கிட்டயும் சொல்லிராத. இவளுக்கு டைப் அடிக்கத் தெரியலன்னு உங்கப்பா என்னயக் கடைய விட்டே நிப்பாட்டிருவாக" என்றாள்.

எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. ஹையர் பாஸ் செய்தவள், இப்படிக் கவனக்குறைவாக இருக்கிறாளே. நல்ல திராட்சைத் தோட்டம் தன் கைத்தவறாலேயே போனதை எண்ணி எவ்வளவு அழுவாள் என்று நினைத்து, அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். அம்மனிடம் மட்டும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கோடை விடுமுறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தேங்காய் வாங்க அனுமந்தன்பட்டிக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். தேங்காய் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அங்கேதான் மதுரைக்காரருக்குச் சொந்த ஊர் என்பதும், தூரத்து வகையில் அவர்கள் எங்களுக்கு முறைதான் என்பதும் பேச்சோடு பேச்சாக எனக்குத் தெரியவந்தது.

அதற்கு மறுநாளிலிருந்து அப்பாவுக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் ஆசை பிறந்துவிட்டது. அத்தை சாப்பிட வீட்டுக்குப் போகிற மத்தியான நேரத்தில், கடைத் தட்டியைப் பாதி இறக்கிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"நீ அடி ஆத்தா, நான் பாத்துப் பழகிக்கிறேன். பொருத்தம் போடு. பொண்ணுக்கு யாராவது ஒரு ஆள் வேணும்ல, ஒங்க அத்தை பொறந்த நாளையே போடு. ஒனக்கு அதுதான் மனப்பாடம்."

பையனுக்கு ஒரு தேதியை, சட்டைப்பையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்துச் சொன்னார். நேரம் காலை ஆறு இருபது. நான் இரண்டு விரலால் தேடித்தேடி அடித்து அழுத்தினேன். மூன்று பொருத்தம். ரஜ்ஜு இல்லை.

"சரி, ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுப் பாரு" என்றார்.

ஏழு இருபது. அதே மூன்று. எட்டு இருபது. அதே மூன்று. இப்படியே போட்டுக்கொண்டே போனோம். எனக்குக் கை வலித்தது. மறுநாளும் உட்கார்ந்தோம். அந்தத் தேதியில் மத்தியானத்துக்கு மேல் ஏதோ ஒரு நேரத்தில் நட்சத்திரம் மாறுகிறது போல. பதினெட்டு இருபதுக்கு எட்டுப் பொருத்தம் வந்து நின்றது. அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ம். மிஷினு நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு அவருடைய கம்ப்யூட்டர் படிப்பு முடிந்தது. இரண்டு நாளில் அலுத்துவிட்டதே, இவர் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மதுரைக்காரரின் அம்மா, தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டும் ஜாதக நோட்டுமாக வந்தார். சாயம் போன பட்டுச்சேலை, நிமிர்ந்த நடை. பெரியப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்பாவைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பேசியது எனக்குக் கேட்டது.

"தோட்டம் தொரவு இல்ல. மாசச் சம்பளம். மிஷினைக் கழட்டி மாட்டுற பயலுக்கா நம்ம பிள்ளையக் குடுக்கிறது?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. வந்தவுகள வேணாம்னு எப்படி அனுப்புறது? மிஷினு என்ன சொல்லுதோ அதுபடி செஞ்சிருவோம். நீங்க சொல்றதுதான?"

பெரியப்பாவால் இதை மறுக்க முடியவில்லை. போடி முழுக்கச் சொல்லியாயிற்றே. "சரி, போட்டுப் பாரு. எங்க சேரப் போகுது" என்று வந்து உட்கார்ந்தார்.

அத்தைக்கு அன்று காலையிலிருந்தே காய்ச்சல்காரி மாதிரி முகம். அதற்கு முந்தின நாள் அவள் கடையில் தனியாக உட்கார்ந்து எதையோ அடித்துப் பார்த்ததையும், வந்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்ததையும் நான் பார்த்திருந்தேன். இன்றைக்கு அவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். தன் நாளையும் நேரத்தையும் அடித்து முடித்தாள். நான் ஸ்டூலில் ஏறி, போன தடவை மாதிரி இந்தத் தடவை அவள் தப்புச் செய்துவிடக்கூடாது என்று திரையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் பக்கத்தில் நின்று நோட்டை விரித்துப் பிடித்திருந்தார். நாள் சொன்னார், அடித்தாள். ஊர் சொன்னார், அடித்தாள்.

"நேரம், சாயங்காலம் ஆறு இருபது" என்றார்.

நோட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. மஞ்சள் தடவிய தாளில், யாரோ முத்துமுத்தாக எழுதியிருந்தார்கள். காலை மணி 6.20.

அத்தையின் கை நின்றுவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே" என்றாள். "நேரம் வந்து..."

அப்பா நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சாயங்காலம்னு சொன்னேன்ல. பதினெட்டு இருபது. அடி ஆத்தா" என்றார்.

அவ்வளவு மெதுவாக அப்பா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்று, எட்டு, இரண்டு, சைபர் என்று ஒவ்வொன்றாக அடித்தாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்தது. அதில் தண்ணீர் படவே கூடாது என்று மதுரைக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருந்ததால், நான் அவசரமாகப் பாவாடையால் துடைத்தேன்.

நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். பெற்றவர் அவர்தானே, பிள்ளை பிறந்த நேரம் அவருக்குத் தெரியாதா, எழுந்து சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி அப்படிப் பார்த்தார். வயதாகிவிட்டால் சொந்தப் பிள்ளை பிறந்த நேரம்கூட மறந்துபோகும் போல.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரையில் தப்பான நேரம் நிற்கிறது. அது தப்பு என்று அந்தக் கடையில் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நம்பினேன். சொன்னால் அப்பாவுக்கு எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்பது வந்தவர்கள் முன்னால் வெளியாகிவிடும். சொல்லாவிட்டால் அம்மனுடைய விரலால் இரண்டாவது தடவையும் தப்புச் செய்கிறேன்.

"என்ன ஆத்தா யோசிக்கிற? அழுத்து" என்றார் பெரியப்பா.

நான் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினேன்.

எட்டுப் பொருத்தம். ரஜ்ஜு உண்டு.

பெரியப்பா தாளை வாங்கிக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "மிஷினே சொல்லிருச்சு. பெறகு என்ன" என்று எழுந்து, தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டார். அத்தை உள்ளே ஓடிவிட்டாள். அப்பா ஜாதக நோட்டை மூடி, மாப்பிள்ளையின் அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்பாவை நினைத்துத்தான் கவலை. ரேடியோவுக்குள் எறும்பு போன வழியைச் சொல்லுகிறவர், 'காலை' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைச் 'சாயங்காலம்' என்று படிக்கிறார் என்றால் கண் எவ்வளவு மோசமாகப் போயிருக்கவேண்டும். அன்று சாயங்காலமே அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா முழுதையும் கேட்டாள். "வேற யார்ட்டயாவது சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். அப்பா வந்ததும், "பிள்ளை சொல்றா, ஒங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ஆமா, கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்கு" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரம் உருளுகிற சத்தத்தோடு அவள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. மனுஷருக்குக் கண் போய்விட்டது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வாரமே அப்பா கண்ணாடி போட்டார். கறுப்புச் சட்டம், பெரிய கண்ணாடி. நான்தான் கண்டுபிடித்தேன் என்பதால் அவர் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. பேப்பர் படிக்கும்போது மட்டும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அதற்கு மேலாகப் பார்த்துப் படிப்பார். கண்ணாடி வழியாகப் படிக்கச் சொல்லி நான் விரட்டுவேன். பெரியப்பா வருகிற நாட்களில் அப்பா, நான் சொல்லாமலே போட்டுக்கொள்வார்.

ஆவணியில் கல்யாணம். சீர்வரிசையில் கம்ப்யூட்டரையும் சேர்க்கச் சொன்னவர் பெரியப்பாதான். "அது சொல்லித்தான நடக்குது, அது தங்கச்சி கூடவே போகட்டும்" என்றார். கட்டில், பீரோ, கிரைண்டர், அதற்குப் பின்னால் மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்த மானிட்டரும் பெட்டியும் என்று ஊர்வலம் போனது. தூக்கிவந்தவர்கள், "நல்ல கனம்" என்று சான்று கொடுத்தார்கள். இப்படித்தான் எங்கள் கடையிலிருந்து முதல் கம்ப்யூட்டர் வெளியேறியது, என் உத்தியோகமும் அதோடு போனது. அத்தையும் மாமாவும் உத்தமபாளையத்தில் குடியேறி, அதை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார்தான் எங்கள் கடைக்கு வந்து, "நம்ம பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்" என்று கேட்டார்கள். அவர்களில் யாரும் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுகிற நேரம் வந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னால் வந்து, அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். முதலில் அவர்கள், அப்புறம்தான் மற்றவர்கள். இது எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அத்தை மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரியப்பாவைத் தாண்டிப் போனாள். தூணுக்குப் பக்கத்தில் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் காலில் அப்படியே விழுந்தாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் ஓடிப்போய் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்து, "அத்தை, வரிசை தப்பாப் போயிட்ட. முதல்ல பெரியப்பா" என்று காதோடு சொன்னேன். அத்தை அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிக்கொண்டாள். ஹையர் பாஸ் செய்து என்ன, இவளுக்குக் கவனம் கொஞ்சம்கூடப் பத்தாது, இவளை நம்பி அந்த மாமா எப்படிக் கம்ப்யூட்டரை ஒப்படைக்கப் போகிறாரோ என்று எனக்கு அன்று உண்மையாகவே கவலையாக இருந்தது.